பல்லுக்குள் வந்த நாய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் என் அச்சுக்கூடம் எல்லாம் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் உன் புதிய பல் ஆஸ்பத்திரியின் சாயும் நாற்காலியும் அவ்வாறே சௌக்கியம் என்று அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் சௌக்கியத்தை நான் ஒன்பது வருஷமாக அக்கா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நேரில் விசாரிக்காத காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என் கீழ்த்தாடையின் இடது பக்கத்துக்கும் தெரியும். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆடிய பல்லை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் தேமே என்று இருந்த பல்லைப் பிடுங்கியவனை, பிடுங்கியதோடு நில்லாமல் "பரவாயில்லண்ணே, இதுவும் ஒரு நாளைக்குப் போகவேண்டியதுதானே" என்று ஆறுதல் சொன்னவனை, இத்தனை காலம் கழித்துக் குத்திக்காட்டுவது மூத்தவனுக்கு அழகல்ல. ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நானூறு துணிப்பைகளில் அச்சடித்துத் தரவேண்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினாய். ஏன், வேறு அச்சுக்கூடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "கிடைக்குது. உன்னைவிட நல்லாவே அடிக்கிறாங்க. ஆனா அவன் உன்கிட்டதான் கொடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஒருத்தன் இறங்கி வர்றப்ப நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே" என்றாள் அக்கா. பிறகு வழக்கம்போல் மூக்கைச் சிந்திவிட்டு, "பை நல்லபடியா வந்தா அவனே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான். வந்தா பேசு. இதுவும் சொதப்பிச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில பார்க்கிற ஆசையை நான் விட்டுடறேன்" என்றாள். ஆக, நானூறு பைகளின் மேல் மையை மட்டுமல்ல, குடும்ப ஒற்றுமையையும் சேர்த்து அச்சடிக்கும்படி எனக்கு உத்தரவு. மையாவது கடையில் டப்பாவில் கிடைக்கிறது.

நீ அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்தேன். பை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய நீலப் பல். அதன் கீழே 'வலி தெரியாது' என்று கொட்டை எழுத்து. இந்த வாசகத்தை நான், என் கையால், நானூறு தடவை அச்சடிக்க வேண்டும். வரலாற்றில் இதைவிடக் கொடிய தண்டனைகள் உண்டு. அவற்றையும் பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள்தான் விதித்திருக்கிறார்கள் என்பதால் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

நீ இதுவரை என் அச்சுக்கூடத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் இந்த ஸ்கிரீன் பிரிண்டிங் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் யார் குற்றவாளி என்பது உனக்கு விளங்கும். ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய நைலான் வலையை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் ஸ்கிரீன். அந்த வலையின் கண்களை எல்லாம் ஒரு பசையால் அடைத்துவிட்டு, எழுத்தும் படமும் வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட வேண்டும். பிறகு சட்டத்தைத் துணியின் மேல் வைத்து, ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே சீராக இழுத்தால், திறந்த கண்கள் வழியாக மை கீழே இறங்கும். அடைத்த இடத்தில் இறங்காது. அவ்வளவுதான் தொழில். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதில் ஒரு நைலான் துணிக்கு இருக்கும் தெளிவு நான் பாடம் நடத்திய கல்லூரியின் நிர்வாகத்துக்கு இருந்திருந்தால் நான் இன்று வரலாற்றுத் துறைத் தலைவனாக இருந்திருப்பேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டான். அதை விடு.

ஒரு வேலை முடிந்தால் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. வலையில் இருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வோம். அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது. அதைத் தடவிச் சற்று நேரம் விட்டால் கெட்டியான பசை இளகும். இளகியவுடன் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய் வலை புதிதாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, தடவிய திரவம் வலையிலேயே காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் இளகிய பசை மறுபடி இறுகிவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் அது போகாது. டப்பாவின் மேலேயே சிவப்பு எழுத்தில் இதை எழுதியிருக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன். அக்கா படிக்கவில்லை.

உன் பைக்குத் தக்க அளவில் என்னிடம் இருந்தது ஒரே சட்டம். அதில் ஒரு நாய் இருந்தது. எதிர்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு கோர்ட் குமாஸ்தா தெருச் சங்கத்துக்குத் தலைவரானவுடன் செய்த முதல் காரியம், வீட்டுக்கு வீடு 'நாய் கடிக்கும்' என்று தகரப் பலகை மாட்ட வைத்தது. தெருவில் ஒரு நாயும் கிடையாது. அதைச் சொன்னதற்கு, "அது நமக்குத் தெரியும் சார், திருடனுக்குத் தெரியுமா?" என்றார். அவருக்காக நானே உட்கார்ந்து, 'நாய்' என்ற வார்த்தைக்குப் பதிலாகக் காதை விறைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கும் நாய் ஒன்றையே மேலும் கீழும் பல்வரிசையோடு வரைந்து, கீழே 'கடிக்கும்' என்று மட்டும் எழுதி அடித்துக் கொடுத்தேன். அந்த நாயைத்தான் இப்போது வலையிலிருந்து கிளப்ப வேண்டியிருந்தது. திரவத்தைத் தடவினேன். சட்டத்தை மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா வந்து மை டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் சும்மா ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

அக்கா சும்மா சொல்லிவிட்டுப் போன விஷயம் என்று இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் எதுவும் கிடையாது.

"அவன் நல்ல பல்லைப் புடுங்கலையாம்டா. பக்கத்துப் பக்கத்துல ரெண்டுமே கெட்டுப் போயிருந்துச்சாம்."

"அப்படின்னா ரெண்டையும் புடுங்கியிருக்கணும்."

"நீதான் ஒண்ணு புடுங்கினதுமே எழுந்து ஓடிட்டியாமே, வாயில பஞ்சோட?"

"ஓடலை. வெளிநடப்பு செஞ்சேன்."

"பஞ்சைக் கவ்விக்கிட்டு பஸ் ஏறினவன் வெளிநடப்பு செஞ்சானாம்! கண்டக்டர் எங்கே போகணும்னு கேட்டதுக்கு மூணாவது ஸ்டாப்புன்னு மூணு விரலைக் காட்டினியாமே, அவன் மூணு டிக்கெட் கொடுத்துட்டானாமே?"

அந்த டிக்கெட் சமாசாரத்தை உன் அண்ணியைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. அது அக்காவுக்கு எப்படிப் போயிற்று என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும். அப்போதைக்கு நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலியான இடத்தை அக்காவுக்குக் காட்டி, அதற்கு அடுத்த பல் இன்றுவரை அசையாமல் இருப்பதை நீயே பார் என்றேன். "எனக்கு ஒரே இருட்டாத்தான் தெரியுது, கண்ணாடியைக் கொண்டு வரலை" என்றாள். என் கண்ணாடியை எடுத்துக் கொடுக்க வீட்டுக்குள் போனேன், அக்காவும் பின்னாலேயே வந்தாள். அங்கே உன் அண்ணியும் சேர்ந்துகொண்டாள். "எந்தப் பக்கம்னு சரியா சொல்லுங்க. போன வருஷம் வலது பக்கம்னு சொன்னீங்க" என்றாள். வலது பக்கம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு அது வலதாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் அவளுக்கு விளக்க, அப்படியானால் இடது வலது யாருடையது என்று அக்கா ஒரு சந்தேகம் எழுப்ப, உன் அண்ணியை நிற்க வைத்து, திரும்ப வைத்து, நடக்க வைத்து நிரூபித்து முடித்தேன். நியாயம் என் பக்கம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளாமலே அக்கா கிளம்பிப் போனாள். அச்சுக்கூடத்துக்குத் திரும்பி வந்து சட்டத்தைப் பார்த்தால் வலை சருகு மாதிரி காய்ந்து கிடந்தது.

தண்ணீரை அடித்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பசை கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் நின்றது. நாய் மட்டும் போக மறுத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி நின்றது. புது வலை வாங்கிக் கட்டலாமே என்று நீ கேட்பாய். இங்கே வலை விற்பவன் ஒருத்தன்தான். ஒருமுறை கிழிசல் வலையைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கொண்டுபோனபோது, "வீட்ல ஊசி நூல் இருக்குமே சார்" என்று கடையில் நாலு பேர் சிரிக்கும்படி கேட்டவன். அவன் கடைப் படியை மிதிப்பதில்லை என்று இருக்கிறேன். உன் அண்ணி இதைப் பிடிவாதம் என்கிறாள். கொள்கைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது.

சட்டம் காய்ந்த பிறகு அதன் மேல் புதுப் பசையைப் பூசினேன். இந்தப் பசைக்கு ஒரு குணம். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். அதனால் இருட்டில் பூசி இருட்டிலேயே காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை குளியலறை ஒன்றுதான்.

"நான் எப்பங்க குளிக்கிறது?"

"பசை காஞ்சதும்."

"அது எப்பக் காயும்?"

"நீ கதவைத் திறந்து எப்பக் காயும்னு பார்க்காம இருந்தா காயும்."

உன் அண்ணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து குமாஸ்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தண்ணி வருதா சார்?" என்று குரலில் அனுதாபம் சொட்டக் கேட்கிறார். நானூறு பைகளுக்காக நான் இழந்த மரியாதைகளில் இதுவும் ஒன்று.

மற்றபடி வேலை கச்சிதம். நீ அனுப்பிய பல் படத்தையும் எழுத்தையும் கறுப்பாக எடுத்த பிலிமைக் கண்ணாடி மேஜையில் வைத்து, அதன் மேல் சட்டத்தை வைத்து, கீழே இருந்து விளக்கைப் போட்டேன். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பசை இறுகிவிடும். கறுப்புப் பல் மறைத்த இடம் மட்டும் இளசாகவே இருக்கும். பிறகு தண்ணீரைத் தெளித்தால் அந்த இளசு மட்டும் கரைந்து ஓடும். ஓடியது. வலையில் பல் திறந்தது. ஒரு பல் ஓசையில்லாமல், ரத்தமில்லாமல், வெறும் தண்ணீரிலேயே கழன்று போவதை என் வாழ்நாளில் இப்படித்தான் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.

அச்சடிக்கத் தொடங்கினேன். பையை விரித்து, சட்டத்தை இறக்கி, மையை இழுத்து, சட்டத்தைத் தூக்கி, பையை எடுத்துக் கொடியில் போடு. மறுபடி பை, மறுபடி சட்டம், மறுபடி 'வலி தெரியாது'. தோள்பட்டை கழன்றது. வலி தெரிந்தது. ஆனால் நீலம் அப்படி ஒரு நீலம். தம்பி, மனசாட்சியோடு சொல்கிறேன், ஈரத்தில் அந்தப் பல்லைப் பார்த்தபோது, இவன் வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தேன். கூடத்தில், படுக்கையறையில், சமையலறையில், குளியலறையில்கூட (இப்போது கதவைத் திறந்தே) கொடி கட்டிப் பைகளைத் தொங்கவிட்டோம். இந்த வீட்டில் நிமிர்ந்து நடந்த கடைசி ஆளான நானும் குனிந்து நடந்தேன்.

காயக் காயத்தான் விவகாரம் வெளியே வந்தது. சமையலறையிலிருந்து உன் அண்ணியின் குரல் கேட்டது.

"என்னங்க, இந்தப் பல்லுக்கு மூக்கு இருக்கு."

"பல்லுக்கு எங்கேடி மூக்கு?"

"காதும் இருக்கு. வாயை வேற பொளந்துகிட்டு இருக்கு. ஐயய்யோ, இது நம்ம நாய்ங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய பசை ஒட்டியிருந்த கண்களில் மை பாதியாக இறங்கி வெளிர் நீலமாகக் காய்ந்திருந்தது. நாயும் எழுத்தும் இருந்த இடத்தில் மட்டும் கண்கள் முழுதாகத் திறந்திருந்ததால் மை தாராளமாக இறங்கிக் கருநீலமாகக் காய்ந்திருந்தது. ஈரத்தில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. இப்போது உன் வெளிர் நீலப் பல்லின் நட்டநடுவே ஒரு கருநீல நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நாய்க்குக் கீழே 'கடிக்கும்'. அதற்குக் கீழே, பிசிறு இல்லாமல், 'வலி தெரியாது'. நானூறு பைகளிலும். ஒன்றிலாவது நாய் தவறியிருக்குமா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எந்த நாயும் தவறவில்லை.

இனி புதுப் பை வாங்கி அடிக்க அவகாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் திறப்பு விழா. ஆகவே பொறுப்பை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிவிடுகிறேன். பெரும்பங்கு அக்காவுக்கு. அவள் வராதிருந்தால் திரவம் காய்ந்திருக்காது. அடுத்தது வலைக் கடைக்காரன். பிறகு, இல்லாத நாய்க்குப் பலகை வைத்த குமாஸ்தா. உன் அண்ணி இடது வலது தெரியாமல் காலத்தைக் கடத்தினாள். மூலகாரணம் நீ. நீ சரியான பல்லைப் பிடுங்கியிருந்தால் விவாதமே எழுந்திருக்காது. என் பங்கு எதுவென்று நானும் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

பைகளை மூட்டையாகக் கட்டி அக்காவிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். விழாவில் கொடுப்பதோ, ஆஸ்பத்திரித் தரையைத் துடைப்பதோ உன் இஷ்டம். விழாவுக்கு நான் வருவதற்கில்லை. நீயும் இங்கே வரவேண்டியதில்லை. பை நன்றாக வந்தால்தானே வருவதாகச் சொன்னாய். வந்தால் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியில் இருந்த மைக்கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். அது கிடக்கட்டும், எனக்கு வேண்டியிருக்கும். இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தால் படித்துவிட்டுத்தான் உன்னிடம் சேர்ப்பாள் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். உன் நாற்காலி வேண்டிய மட்டும் சாயட்டும், வேண்டும்போது நிமிரட்டும். உன்னிடம் வருகிறவர்கள் வந்தபடியே திரும்பிப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் நலனைத் தூரத்தில் இருந்தே விரும்பும்
அண்ணன்.

பின்குறிப்பு: தபால்தலையை ஒட்டிவிட்டு உறையை ஒட்டப் போகும்போது நீ வாசலில் வந்து நின்றுவிட்டாய். பை எப்படி வந்திருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் நீ பாட்டுக்கு வந்தால் நான் என்ன செய்வது? நடந்தது உனக்கும் தெரியும் என்றாலும் என் தரப்பையும் எழுதிவிடுகிறேன். குனிந்து உள்ளே வந்தாய். முதல் பை உன் மூக்கில் இடித்தது. அதைப் பிடித்து விரித்துப் பார்த்தாய். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். நீயோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"அண்ணே, யாருண்ணே யோசிச்சது இதை? 'கடிக்கும், வலி தெரியாது'! நாலு பேர்கிட்ட டிசைன் கேட்டேன், நாலு பேரும் வெறும் பல்லைப் போட்டுக் கொடுத்தானுங்க. அதுல பெரிசா இருந்ததைத்தான் உனக்கு அனுப்பினேன். இதை ஒரு தடவை பார்த்தவன் மறப்பானா? பக்கத்துல வந்து பார்த்தாத்தான் நாய் தெரியுது! கோரைப்பல் வரைக்கும் ஒண்ணுவிடாம சரியா போட்டிருக்கியேண்ணே!"

"அது வந்து தம்பி, அன்னைக்கு அக்கா பேசிக்கிட்டு இருந்தப்ப..." என்று உன் அண்ணி ஆரம்பித்தாள்.

"நீ போய் டீ போடு" என்றேன் நான். "யோசிச்சுத்தான்டா செஞ்சேன்."

ஆகவே மேலே எழுதியதில் சில திருத்தங்கள். அக்காவால் என்று வரும் இடங்களில் எல்லாம் என்னால் என்று படித்துக்கொள். திரவத்தை நான் வேண்டுமென்றேதான் காயவிட்டேன். வெளிர் நீலமும் கருநீலமுமாகக் காய்வது தொழிலில் ஒரு நுட்பம். அதில் குமாஸ்தாவுக்கோ, வலைக் கடைக்காரனுக்கோ, உன் அண்ணிக்கோ எந்தப் பங்கும் கிடையாது. அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்காதே, அவளுக்குத் தொழில் தெரியாது. இன்னும் இருநூறு பை இதேபோல் வேண்டும் என்கிறாய். அடிக்கலாம். நான் நினைத்தாலும் அந்த நாய் இனி வலையை விட்டுப் போகாது. பல் விவகாரம் தனி. அது அப்படியே இருக்கிறது. நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்பதால் நானும் எடுக்கவில்லை.

இப்போது நீ உள்ளே உட்கார்ந்து உன் அண்ணியிடம் பேசிக்கொண்டிருக்கிறாய். நான் மை கலக்குவதாகச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அக்காவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம், அவள் வந்து ஒரே அறையில் இருவரையும் பார்த்து மூக்கைச் சிந்துவதற்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முன்வரிசையில் இடம் போடு. தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதம் எப்படியும் வந்து சேரும். படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்துவிடாதே, உன் டாக்டர் கையெழுத்தை மருந்துக் கடைக்காரனைத் தவிர யாராலும் படிக்க முடியாது. என்ன திட்டுவதாக இருந்தாலும் இங்கேயே வந்து திட்டு.